செங்கண் பூச்சிக்கு ஒரு சல்லடை

"அய்யய்யோ, கன்னு போச்சே! கல்யாணக் கன்னு போச்சே!"

தாயாரம்மாள் போட்ட கூச்சலில் கிணற்றடி வேப்பமரத்துக் காக்காய்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. ஒரகடத்தில் அந்த அம்மாளுக்கு மைக் செட் தேவையில்லை என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களும் நாலு வீடு தள்ளி நின்றுதான் சொல்வார்கள். கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டு மருமகள் ரத்னா ஓடி வந்தாள்.

ஒரே பிள்ளை பரசுராமன் தாலி கட்டின கையோடு, மாப்பிள்ளையும் பெண்ணுமாகச் சேர்ந்து நட்ட தென்னங்கன்று அது. அந்தக் குடும்பத்து வழக்கம் அப்படி. கன்று தழைத்தால் குடித்தனம் தழைக்கும், கன்று காய்ந்தால் சொல்லவே வேண்டாம். இரண்டு வருஷத்தில் இடுப்புயரத்துக்கு வந்து, தாயாரம்மாள் தினம் ஒருதரம் தடவிக் கொடுக்கிற செல்லப்பிள்ளையாகிவிட்டது. இப்போது பார்த்தால் பாதி ஓலைக்கு ஈர்க்குதான் மிச்சம். மீதி ஓலை சுருட்டுச் சுருட்டாகக் கிடந்தது. அதில் ஒன்றைப் பிரித்துக் காட்டினாள் தாயாரம்மாள். உள்ளே விரல் பருமனுக்கு ஒரு புழு. உடம்பெல்லாம் வெள்ளை நூல், பஞ்சு மெத்தை கிழிந்த மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

வேறு எந்த மருமகளாக இருந்தாலும் "சீ" என்று முகத்தைத் திருப்பியிருப்பாள். ரத்னா என்ன செய்தாள் தெரியுமா? சிரித்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கன்றின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, இதைத்தான் ரெண்டு வருஷமா தேடிக்கினு இருந்தேன்!"

"தேடுனியா? புழுவையா?" என்றாள் தாயாரம்மாள். "தண்டலத்துலேர்ந்து பொண்ணு எடுக்காதேன்னு தலைதலையா அடிச்சிக்கினாங்க. கேட்டேனா நானு? போய் சீமெண்ணையை எடுத்துக்கினு வா. துணியில நனைச்சி ஒரே தொடப்பு, அத்தோட ஒழியட்டும்."

ரத்னா எழுந்திருக்கவில்லை. காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

தண்டலத்திலிருந்து மெட்ராஸுக்குப் போய் பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள் அவள். கடைசி வருஷம், தண்டலத்து ஈச்சம்புதரில் ஒரு அந்தி நேரம் ஒரு பூச்சியைப் பிடித்தாள். பட்டாம்பூச்சியிலே இது தாவித் தாவிப் பறக்கிற வகை, காலேஜில் ஸ்கிப்பர் என்பார்கள். பெரிய பழுப்பு இறக்கை, அதில் மஞ்சள் கண்ணாடி மாதிரித் திட்டுகள், ரத்தச் சிவப்பில் கண். ஒரே இனம்தான் என்றாலும் நம் பக்கத்துப் பூச்சிக்கும் இலங்கையில் இருக்கிற பூச்சிக்கும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. கடல் நடுவில் நின்று பிரித்துவிட்டதால் இது ஒரு கிளையினம், அது ஒரு கிளையினம் என்று ஆகிவிட்டது. ரத்னா பிடித்ததில் திட்டுகள் பெரிசாக, இலங்கைப் பூச்சியை உரித்து வைத்தது போல இருந்தன.

கடல் தாண்டின பூச்சி தண்டலத்தில் எப்படி? பேராசிரியை ராஜாமணி அம்மாளிடம் கொண்டுபோய் நீட்டினாள். அந்த அம்மா சிரிக்கிற ஜாதி இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஒத்தைப் பூச்சி. அதுவும் பறந்து பறந்து கந்தலான பூச்சி. இதை வெச்சிக்கிட்டுப் பேச முடியாது. புழுவிலிருந்து வளர்த்து, கூட்டை விட்டு வந்ததும் வராததுமா, ஆணும் பெண்ணுமா கொண்டா. இலங்கைப் பூச்சி இதோ இந்த அலமாரியில இருக்கு. பக்கத்துல வெச்சுப் பார்ப்போம். நீ சொல்றது நிஜமானா உன் பேரிலேயே எழுதலாம். ஆனா நான் ரிடையர் ஆகிறதுக்குள்ள வா. அப்புறம் அலமாரி சாவி யார் கையில போகுமோ."

பிறகு பரீட்சை, கல்யாணம், நாத்து, களை, மாடு. ஆனால் அந்த அலமாரி மட்டும் மனசை விட்டுப் போகவே இல்லை. ராஜாமணி அம்மாளுக்கு இந்த ஆகஸ்டு கடைசியோடு ரிடையர்மென்ட். இப்போது ஆடி பிறந்துவிட்டது. அந்தப் பூச்சியின் புழுவே வீடு தேடி வந்திருக்கிறது. சீமெண்ணெயாமே!

"அத்தை, சாயங்காலத்துக்குள்ள கன்னுல ஒரு புழு இருக்காது. நான் பொறுப்பு. சீமெண்ணெய் மட்டும் வேணாம், குருத்து கருகிடும்."

குருத்து கருகும் என்றதும் தாயாரம்மாள் அடங்கினாள். ரத்னா ஒவ்வொரு சுருளாக ஓலையோடு வெட்டி முறத்தில் எடுத்தாள். தென்னங்கன்று மொட்டையாக நின்றது. குருத்து ஒன்றுதான் பச்சையாக மிஞ்சியது. அதைப் பார்க்கப் பார்க்க தாயாரம்மாளுக்கு வயிறு எரிந்தது. ரத்னாவுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அதைச் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

அப்புறம் தீனி. ஏரிக்கரையில் ஈச்சம்புதர் கொள்ளை கொள்ளையாகக் கிடக்கிறது. ஆனால் ஈச்சம் முள் சும்மா விடுமா? தினம் போய் ஓலை வெட்டிவருவாள், கையெல்லாம் கீறலோடு வருவாள். தென்னையில் பிறந்த புழு முதலில் ஈச்ச ஓலையைத் தொடவே மாட்டேன் என்றது. சிலது பட்டினி கிடந்து செத்தும் போயின. ரத்னா விடவில்லை. தென்னஞ் சுருளுக்குள்ளேயே ஈச்ச ஓலையைச் செருகிச் செருகி வைத்தாள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பது புழுவுக்கும் பொருந்தும் போல. ஒரு வழியாகத் தின்ன ஆரம்பித்தன. மாட்டுக் கொட்டாய் விட்டத்தில் ஓலைக் கத்தையைக் கட்டித் தொங்கவிட்டாள். புழுக்கள் ஓலையைத் தைத்துக்கொண்டு உள்ளே கூட்டுப்புழுவாக அடங்கின.

பரசுராமன் ஒருநாள் கொட்டாயை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுங்க எல்லாம் எப்போ போவும்?" என்று கேட்டான். "பறந்துதான் போவும்" என்றாள். "அம்மாகிட்ட நான் பார்த்ததா சொல்லாதே" என்று சொல்லிவிட்டு ஏரைத் தூக்கிக்கொண்டு போனான். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் உழுதே பழகாத மனுஷன்.

இதிலே ரத்னா ஒரு தப்பு செய்தாள். அந்தக் கூட்டுப்புழுவுக்கு ஒரு குணம் உண்டு. தொட்டால் உடம்பை முறுக்கி ஓலையில் மோதும், காய்ந்த ஓலைக்குள் பாம்பு சீறிப் புரள்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். முதல்நாள் கேட்டபோது அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் ஆசை ஆசையாகத் தட்டித் தட்டிக் கேட்டாள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவைத்திருக்கலாம். சொல்லவில்லை.

ஆடி வெள்ளிக்கிழமை காலை, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பால் கறக்கப் போனாள் தாயாரம்மாள். கொண்டை ஓலைக் கத்தையில் இடித்தது. உள்ளேயிருந்து உஸ்ஸென்றும் சரசரவென்றும் சத்தம்.

அந்தக் குடும்பத்துக்குக் குலதெய்வம் நாகாத்தம்மன். பாம்பென்றால் அங்கே தடியைத் தேட மாட்டார்கள், கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஆடி வெள்ளி, ஈரத் தலை, தலைக்கு மேலே சீறல். தாயாரம்மாள் பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே விழுந்து சேவித்தாள். "எம் மாமியார் காலத்துல ஒரு தரம் வந்தா. இப்போ என் காலத்துல வந்துட்டா. என் வூடு தேடி வந்துட்டா தாயி!"

ரத்னா ஏரிக்கரையிலிருந்து ஓலைக் கட்டோடு திரும்பியபோது கொட்டாய் வாசலில் தெருவே கூடியிருந்தது. பால், முட்டை, மஞ்சள் தண்ணி. பங்காளி சின்னப்பையன் வேஷ்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, ஓலைக் கத்தைக்கு நேர் கீழே சட்டி நிறையத் தணலை வைத்து சாம்பிராணியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். ஊர்க் கரகம் தூக்குகிறவர், பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"அடுத்த வெள்ளி வரைக்கும் கொட்டாயைச் சாத்திடுங்க. வேப்பிலை கட்டுங்க. வேளாவேளைக்கு சாம்பிராணி போடணும். ஆத்தா மனங்குளிர்ந்து தானா போற வரைக்கும் யாரும் உள்ளே காலை வெக்கக் கூடாது."

விஷயம் விளங்க ஒரு நொடி போதும் ரத்னாவுக்கு. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊரே காவல், ஒருத்தர் விரல் படாது. ஆனால் அந்தப் புகையில் கூட்டுக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துவிடும். தப்பிப் பிழைத்து வந்தாலும் இருட்டில் முட்டி மோதி இறக்கை தூள் தூளாகிவிடும்.

"அத்தை, ஒரு நிமிஷம் உள்ளே வாங்களேன்" என்று கையைப் பிடித்தாள். தனியாகச் சொல்லிவிட்டால் மானம் போகாது. தாயாரம்மாள் அசையவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, "பாரு ரத்னா, நம்ம வூட்டுக்கு வந்துட்டா" என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே ரத்னா இரண்டாம் தரமும் இழுத்துப் பார்த்தாள். அதற்குள் சின்னப்பையன் இன்னொரு கை சாம்பிராணியை அள்ளினார்.

ரத்னா நேரே உள்ளே போனாள். தணல் சட்டியைத் தூக்கி வெளியே வைத்தாள். "அடிப் பாவி!" என்று கூட்டம் அலற, விட்டத்துக் கத்தைக்குள் கையை விட்டாள். சீறியது. பொம்பளைகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவள் ஒரு சுருளைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். வெள்ளை மாவு பூசின பழுப்புக் கூட்டுப்புழு ஒன்று, வாலை ஆட்டி ஆட்டித் துடித்தது.

"பாம்பில்லீங்க. பூச்சிக் கூடு. சத்தம் போடுறது இதுதான்."

யாரோ ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக் களுக்கென்றாள், அவ்வளவுதான். அத்தனை பேரிலும் பெரிசாகச் சிரித்தது யார்? சாம்பிராணி போட்ட அதே சின்னப்பையன்தான். "ஏன் தாயாரம்மா, புழுவுக்குப் பால் ஊத்தினியே, அப்படியே ஒரு பொங்கலும் வெச்சிருக்கலாம்ல?" ஆளைப் பாருங்கள்!

தாயாரம்மாள் பால் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு அந்த வீட்டில் அவள் குரலே கேட்கவில்லை. ரத்னாவுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

சாயங்காலம் வாயைத் திறந்தாள். "நாளைக்கு அது இந்த வூட்டுல இருக்கக் கூடாது."

"அத்தை, உங்களைத் தலை குனிய வெச்சது என் தப்பு. முன்னாடியே சொல்லியிருக்கணும். அதுக்கு என்ன வேணா திட்டுங்க, நாலு அறை கூடப் போடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா பூச்சி வெளியே வர்ற வரைக்கும் அதை நகத்த மாட்டேன்."

"மாட்டியா?"

"மாட்டேன் அத்தை."

பரசுராமன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று நழுவினான். அப்போதுதான் காட்டிவிட்டு வந்திருந்தான் என்பது மாட்டுக்கும் தெரியும்.

அன்று முதல் ரத்னா சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டாயில் உட்கார்ந்துதான் தின்றாள். தாயாரம்மாள் அவளிடம் பேசவில்லை. தெருவில் நடந்தால் "நாகாத்தம்மா வராங்க, வழி விடுங்க" என்று பின்னால் ஒரு குரல் வரும், அதற்காகவே தாயாரம்மாள் தண்ணிக்குப் போகிற பாதையை மாற்றிக்கொண்டாள். அதையும் ரத்னா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

புகையில் பாதிக் கூடு கறுத்துப் போயிற்று. மிச்சத்தில் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எவ்வளவு அழகு! புத்தம்புது இறக்கை, குங்குமக் கண். ஆனால் வந்ததெல்லாம் பெண். பருத்த வயிறு, அகன்ற இறக்கை. ஒவ்வொன்றையும் மயக்கிக் கொல்கிற மருந்து ஜாடியில் அடக்கி, பெட்டியில் ஊசி குத்தி வைத்தபோது ரத்னாவுக்கு அழுகை முட்டியது. ஆண் இல்லாமல் ராஜாமணி அம்மாள் அலமாரியைத் திறக்கக்கூட மாட்டார். மிஞ்சினது ஒரே ஒரு கூடு. ஆகஸ்டு முடிகிறது.

அந்த நேரம் பார்த்துத்தானா கிணற்றுத் தண்ணி நடவு வர வேண்டும்? வீட்டு மருமகள் இறங்காமல் நடவு உண்டா? தாயாரம்மாளுக்கு முழங்கால் வலி, வீட்டோடு இருந்துவிட்டாள். காலையில் ரத்னா கூட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஓட்டுக்குள் இறக்கையின் மஞ்சள் தெரிந்தது. இன்றைக்கு அந்தியில் வந்துவிடும். பார்த்துக்கொள்ளச் சொல்லி மாமியாரிடம் கேட்கலாமா? எந்த முகத்தோடு கேட்பது? கேட்காமலே போனாள்.

நாற்று முடியைப் பிரித்து நடுவதும் சூரியனைப் பார்ப்பதுமாக இருந்தாள். மேற்கே சிவந்ததும் பொறுக்க முடியவில்லை. கடைசிப் பாத்தியை நட்டு முடித்த மறுகணம் வரப்பில் ஓட்டம் பிடித்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. கொட்டாயில் பல்லிகள் உண்டு. புதுசாக வருகிற பூச்சிக்கு இறக்கை விறைக்கும் வரை ஓட முடியாது. பல்லி வாயில் போகும், இல்லை பறந்து தொலையும், இரண்டில் ஒன்று.

கொட்டாய் வாசலில் வந்து அப்படியே நின்றுவிட்டாள்.

தாயாரம்மாள் சாணித் தரையில் வலிக்கிற காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முன்னால் மாவு சலிக்கிற சல்லடை கவிழ்ந்திருந்தது. கையில் துடைப்பம். "வா, வந்து பாரு! ஒரே போடு, வால் மட்டுந்தான் மிஞ்சும்!" என்று சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"அத்தை..."

"இன்னா நிக்கிறே? நானு தவுடு எடுக்க வந்தேன். அது வெளியே வந்து ஈரத் துணியாட்டம் தொங்கிக்கினு இருந்தது. இந்தக் கட்டையில போற பல்லி பார்த்துக்கினே கீது. இன்னா பண்றது? தொட்டா தூளு உதிரும்னு நீதானே உன் புருசன்கிட்ட சொல்லிக்கினு இருந்தே? நான் தொடல. ஓலையோட எறக்கி மூடிட்டேன்."

ரத்னா சல்லடைக் கண்ணுக்குள் பார்த்தாள். சின்ன வயிறு, கூர்ந்த இறக்கை. ஆண். ஒரு பொட்டு உதிராத ஆண்.

"உங்களுக்குத்தான் இது ஆகவே ஆகாதே அத்தை. பறந்து போகட்டும்னு விட்டிருக்கலாமே."

தாயாரம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "ஊரு சிரிச்சது சிரிச்சாச்சு. திரும்பி வாங்க முடியுமா? அவ்ளோ சிரிச்சதுக்கு ஒரு பலனாவது வேணாவா? சும்மா வுட்டா நான் மட்டுந்தான் முட்டாளு." பிறகு சல்லடையைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "இதையும் ஜாடியில போட்டுடுவியா?"

"ஆமாம் அத்தை."

தாயாரம்மாள், "வலிக்காம பண்ணு" என்றாள்.

ரத்னா சேற்றுக் கையோடு மாமியாரின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "காலை வுடுடி, நோவுது" என்றாளே தவிர தாயாரம்மாள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மெட்ராஸுக்குப் புறப்பட்டபோது, தாயாரம்மாளும் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "என் கையால பால் வாங்கின பூச்சி எந்த ஊருன்னு நானே கேட்டுக்கறேன்." படப்பை வழியாகப் போகிற பஸ் தாம்பரம் சேரும் வரை பெட்டி இரண்டு பேர் மடியிலும் மாறி மாறி இருந்தது.

ராஜாமணி அம்மாள் அறையில் பாதி சாமான் மூட்டை கட்டியாயிற்று. பெட்டியைத் திறந்து ஆணையும் பெண்ணையும் பார்த்தார். சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தார். இலங்கைப் பூச்சியைப் பக்கத்தில் வைத்தார். பூதக்கண்ணாடியை ரத்னாவிடமே கொடுத்தார்.

ரத்னா பார்த்தாள். மறுபடி பார்த்தாள். தன்னுடைய பழைய தண்டலத்துப் பூச்சியையும் எடுத்து வைத்துப் பார்த்தாள்.

"மேடம், இது இலங்கைப் பூச்சி இல்ல. நம்ம பக்கத்துதான். அந்தப் பழைய பூச்சியில திட்டு பெரிசா இல்ல. ஓரத்துச் செதிலெல்லாம் உதிர்ந்து பெரிசா தெரிஞ்சிருக்கு. நான்தான் தப்பா பார்த்துட்டேன்."

"ம்" என்றார் ராஜாமணி அம்மாள்.

தாயாரம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சொல்றே? இவ்ளோ பாடும் பட்டு நம்ம ஊருப் பூச்சிதான்னு சொல்றியா?"

"ஆமாம் அத்தை." இரண்டு வருஷத்து ஆசை ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. ரத்னா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு மறுபடி பூதக்கண்ணாடியை எடுத்தாள். "சரி மேடம், ஒரகடத்துல மாறல. அப்போ எங்கேதான் மாறுது? கடலுக்கு இந்தப் பக்கக் கரையில இருக்கிறது எப்படி இருக்கும்? ராமேஸ்வரத்துலேர்ந்து ஒண்ணாவது இருக்கா இந்த அலமாரியில?"

"இல்லை" என்றார் ராஜாமணி அம்மாள். முதல்தரமாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று தெரிந்தது. "யாரும் கொண்டுவரல. ஆனா எனக்கு ரெண்டு நாள்தான் பாக்கி."

"சாவி யார் கையில இருந்தாலும் நான் வந்து கேப்பேன் மேடம். கொடுக்கிற வரைக்கும் வாசல்லயே உட்காருவேன்."

"உக்காருவா" என்றாள் தாயாரம்மாள். "மாட்டுக் கொட்டாயிலயே உக்காந்தவ."

ராஜாமணி அம்மாள் பூச்சிகளின் கீழே குத்த இரண்டு துண்டுச் சீட்டு எடுத்தார். எந்த ஊர், யார் பிடித்தது என்று எழுத வேண்டும். பெண்ணுக்கு ரத்னா பெயரை எழுதினார். ஆணுக்கு வந்தபோது ரத்னா, "தாயாரம்மாள், ஒரகடம்னு எழுதுங்க மேடம்" என்றாள். தாயாரம்மாள் அந்தத் துண்டுச் சீட்டை மை காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் ரத்னா வெறுமனே உட்கார்ந்திருந்தாள். ராமேஸ்வரம்! யார் விடுவார்கள், எந்தக் காசில் போவது? மணிமங்கலம் கூட்டு ரோடு தாண்டியதும் தாயாரம்மாள் தொண்டையைச் செருமினாள்.

"உன் மாமனாரு போய் எத்தினி வருசமாச்சு. ராமேஸ்வரம் போய் அவருக்குத் திதி குடுக்கணும்னு உன் புருசன்காரன்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் நோவுது. அறுப்பு முடிஞ்சதும் தை மாசம் மூணு பேரும் போறோம். அவன் மாட்டேன்னா நாம ரெண்டு பேரும் போறோம்."

ரத்னா திரும்பிப் பார்த்தாள். மாமியார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போவும்போது அந்தச் சல்லடையை எடுத்து வெச்சிக்க. அந்த ஊருல பல்லி எப்படியோ."